இரண்டாவது மைல்

ஐரோப்பிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு செம்மண் மேட்டின்மேல் இருந்த கல்லூரியில் நான் கிராணியாக இருந்தேன். மற்ற நாடுகளில் குமாஸ்தா என்று அழைக்கப்படும் பிராணிக்கு மலாய் நாட்டில் கிராணி என்று பெயர். நில அளவையும் பாலம் கட்டுவதும் படித்துவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களுக்கு வரும் கடிதங்களையும் தந்திகளையும் வாங்கி உரியவரிடம் சேர்ப்பது என் வேலைகளில் ஒன்று. வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மீதியெல்லாம் அதை நான் சரியாகச் செய்யாததால் வந்தது.

அப்போது எனக்கு முப்பது வயது. கையில் அகப்பட்ட புஸ்தகத்தையெல்லாம் படித்துவிட்டு, உலகத்தில் எது நடந்தாலும் இது எனக்கு முன்பே தெரியும் என்கிற முகத்தோடு திரிந்தேன். நான் பேசினால் நாலு பேர் சிரிப்பார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் ஐந்தாவது ஆளைத் தேடிப் போகிற சுபாவம் எனக்கு. அதனால் கல்லூரி விழா நாளன்று தகரத்தில் செய்த ஒலிக்குழல் ஒன்றை என் கையில் கொடுத்து மைதானத்தின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். யார் ஓடுகிறார்கள், யார் விழுந்தார்கள் என்று நான் அதில் கத்தவேண்டும். நடுநடுவே வேடிக்கையாகவும் ஏதாவது சொல்லவேண்டும். விழா நிகழ்ச்சிப் பட்டியலைத் தயாரிப்பதும் நான்தான்.

காலையில் ஓட்டப் பந்தயங்கள், பகலில் கூடாரத்தில் விருந்து, பிற்பகலில் கயிறு இழுத்தலும் பரிசளிப்பும், சாயங்காலம் மண்டபத்தில் நான் எழுதி நானே நடித்த ஒரு ஹாஸ்ய நாடகம். இதுதான் அன்றைய ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மகுடம் மைல் ஓட்டம். கல்லூரியில் இரண்டு ஹாஸ்டல்கள் இருந்தன: மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. ரயில்வேயிலும் ரோட்டு வேலையிலும் இருந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளத்து ஹாஸ்டலில்தான். நானும் அதில்தான் ஓர் அறையில் இருந்தேன். மைல் ஓட்டக் கோப்பை எங்கள் பள்ளத்துக்கு அதுவரை இறங்கி வந்ததே இல்லை.

அந்த வருஷம் வரும் என்று நம்பினோம். காரணம், கிள்ளானிலிருந்து வந்து படித்த ஒரு பையன். அவனை எல்லோரும் கிள்ளான் என்றே கூப்பிடுவோம். இருபது வயது, ஒடிசலான உடம்பு, பேச்சு குறைவு. தாய் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. தகப்பனார் கிள்ளானில் ரயில்பாதை மண்டோர். பாதை பழுது பார்க்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. தண்டவாளத்தின் ஓரத்திலேயே வளர்ந்தவன். ரயிலோடு ஓடிப் பழகியவனை மனிதர்கள் எங்கே பிடிப்பது என்று நான் போன வாரமே ஒரு வேடிக்கை தயார் பண்ணி வைத்திருந்தேன். அதோடு நிற்கவில்லை. கல்லூரி மலருக்காக அவனுடைய வெற்றியை வருணித்து, ஓட்டம் நடப்பதற்கு முன்பே மூன்று பக்கம் எழுதி முடித்திருந்தேன். நன்றாக வந்திருந்தது. அதை வீணாக்க எனக்கு மனமில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் எத்தனையோ கௌரவமான காரணங்களை யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த மூன்று பக்கத்தைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கொடியேற்றி, பாண்டு வாசித்து, விழா ஆரம்பமாயிற்று. வானம் மூட்டமாக இருந்தது. ஒன்பது பத்துக்குத் தந்திச் சேவகன் சைக்கிளில் மேடேறி வந்து என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு தந்தியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வரும் தந்தியை ஆபீசில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கவேண்டும் என்பது கல்லூரி விதி. பிரித்தேன். கிள்ளானுக்கு. தகப்பனார் உடம்பு மோசம், உடனே வரவும். அனுப்பியவர் பெயர் ஏதோ ஒரு சீனப் பெயர். பக்கத்துக் கடைக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் யாரும் சாவைத் தந்தியில் நேராக எழுதுவதில்லை. செய்தியைக் கேட்டுப் பிள்ளை அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடுவான், வழியில் ஏதாவது செய்துகொள்வான் என்கிற பயம். அதனால் இறந்துபோனவரையும் தந்தியில் நோயாளியாகப் படுக்கவைத்து, உடம்பு மோசம், உடனே வா என்றுதான் எழுதுவோம். என் அம்மா நாகப்பட்டினத்தில் செத்து, நாலு நாள் கழித்துத் தந்தியில் எனக்கு நோயாளி ஆனாள். கல்லூரி ஆபீசில் என் கை வழியாகப் போன தந்திகளில் உடம்பு மோசமான எவரும் பிழைத்து நான் பார்த்ததில்லை. எனவே அந்தத் தாளைப் பார்த்ததும் மண்டோர் காலமாகிவிட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

கூடாரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் பியூன் என்னைப் பார்த்தார். என் வயதுக்காரர், வாய்க்காரர்.

"என்ன கிராணியாரே, மொகம் இப்படிப் போகுது?"

"கிள்ளானுக்குத் தந்தி. அவன் அப்பாவுக்கு உடம்பு மோசமாம்."

"அப்ப போயிட்டாரு" என்றார் பியூன், கயிற்றை இழுத்துக்கொண்டே. "பாவம். பையனக் கூப்பிடட்டா?"

"மைல் ஓட்டம் பத்தரைக்குத்தானே. ஓடி முடிக்கட்டும். கொடுத்துடறேன்."

"இது சட்டப்பையில வெச்சுக்கிற சாமான் இல்லீங்க. கொடுத்துருங்க."

"போன மனுஷன் இனிமே எங்கேய்யா ஓடிப்போகப் போறார்? இவன்தான் ஓடணும். ஓடட்டும்."

பியூன் சிரித்துவிட்டார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவர் சிரித்ததில் எனக்குத் திருப்தி.

என் யோசனை இப்படி இருந்தது. கொள்ளி வைக்கவேண்டிய ஒரே பிள்ளை இவன். இவன் போகாமல் எடுக்கமாட்டார்கள். கிள்ளானுக்குப் போகும் பத்தே முக்கால் ரயிலை விட்டாலும் ஒன்று பத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது. அதில் போனால் பொழுதோடு எல்லாம் ஆகும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் செத்தவருக்கு நஷ்டமில்லை. கோப்பை வந்தால் இருப்பவனுக்கு லாபம். தந்தியை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஒலிக்குழலைக் கையில் எடுத்தேன். சாக்கு ஓட்டத்தில் ஒருவன் குப்புற விழுந்தான். அவனைப் பற்றி ஏதோ சொன்னேன். நல்ல சிரிப்பு.

பத்தேகாலுக்குப் பிரின்ஸிபால் துரை என்னைக் கூப்பிட்டார். பரிசு வழங்கப்போகும் துரைசானியம்மாள் வருவதற்குப் பன்னிரண்டு மணி ஆகுமாம். மைல் ஓட்டத்தைப் பார்க்க அந்த அம்மாளுக்கு ஆசையாம். ஆகவே அதை விருந்துக்குப் பின்னால் இரண்டரை மணிக்கு மாற்றிவிடு என்றார். எஸ் சார் என்றேன். தந்தியைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரை ஓட்டத்தையே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்திருப்பார். நல்ல மனிதர். நான் சொல்லவில்லை. நிகழ்ச்சிப் பட்டியலில் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டு மைல் ஓட்டத்தைக் கீழே இறக்கினேன். அதோடு கூடவே என் பையிலிருந்த தந்தியும் கீழே இறங்கியது. பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை.

எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் ரயில்பாதை தெரியும். பத்தே முக்காலுக்குக் கிள்ளான் ரயில் புகைவிட்டுக்கொண்டு போயிற்று. பார்த்தேன்.

பகலில் கூடாரத்தில் கத்தியும் முள்ளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது கிள்ளான் என்னைத் தேடி வந்தான். காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தார்கள், பளபளவென்று இருந்தது. சாப்பிடவில்லை. கையில் ஒரு துண்டுத் தாள்.

"அண்ணே, ஒரு ஒதவி. ஜெயிச்சா இந்தத் தந்திய எங்கப்பாவுக்கு அடிச்சுடுங்கண்ணே. நீங்கதான் தபாலாபீஸ் பக்கம் போவீங்க."

"தோத்தா?" என்றேன், வழக்கமான என் குரலில்.

"தோத்தா வேணாம்லா." சிரித்தான். "போன வாரம் காய்ச்சல்னு எழுதியிருந்தாரு. வந்து பாக்கட்டாப்பான்னு கேட்டேன். ஓட்டத்த விட்டுட்டு வந்தா வீட்டுல ஏத்த மாட்டேன்னு எழுதிட்டாரு. அவருக்கு வெறிண்ணே. தண்டவாளத்துல வேல செய்யுற ஆளுங்ககிட்டல்லாம் சொல்லி வெச்சிருக்காரு."

தாளை வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தேன். அங்கே முன்பே இருந்த தாளோடு அது உரசிற்று. அப்பனிடமிருந்து மகனுக்கு ஒன்று, மகனிடமிருந்து அப்பனுக்கு ஒன்று. இரண்டும் என் நெஞ்சுக்கு நேராக, ஒன்றும் ஆகாமல்.

அந்த நிமிஷம் கொடுத்திருக்கலாம். ஒன்று பத்து ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவன் சொன்னதிலேயே எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ஓட்டத்தை விடாதே என்பது தகப்பனாரின் வாக்கு அல்லவா? இறந்தவரின் கடைசி விருப்பத்தைக் கெடுக்க நான் யார்? புஸ்தகம் படிக்காத ஒருவனால் இவ்வளவு நேர்த்தியாக ஒரு நியாயம் கட்டியிருக்க முடியாது. ஒன்று பத்து ரயில் கூவிக்கொண்டு போனபோது நான் துரைசானியம்மாளின் நாற்காலிக்குக் குஷன் தேடிக்கொண்டிருந்தேன்.

மைல் ஓட்டம் என்றால் எங்கள் மைதானத்தில் நாலு சுற்று. முதல் மூன்று சுற்றும் மேட்டு ஹாஸ்டல்காரன் ஒருவன் முன்னால் போனான். கிள்ளான் அவன் முதுகைப் பார்த்தபடியே வந்தான். கடைசிச் சுற்றில், ஆஞ்சனா மரத்தடித் திருப்பத்தில், இவன் ஏதோ முடிவு பண்ணியவன்போல் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். கயிற்றை நெஞ்சால் அறுத்துக்கொண்டு அப்படியே புல்லில் விழுந்தான். எழுப்பி உட்காரவைத்ததும் வாந்தி எடுத்தான். காலில் நரம்பு சுண்டி இழுத்து, தொடையைப் பிடித்துக்கொண்டு துடித்தான். உடம்பில் இருந்ததையெல்லாம் அந்த ஒரு சுற்றில் கொட்டிவிட்டான். நான் ஒலிக்குழலில் ரயில் வேடிக்கையைச் சொன்னேன். எதிர்பார்த்த சிரிப்பு கிடைத்தது. பள்ளத்து ஹாஸ்டல் பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கினார்கள். துரைசானியம்மாள் மழைக்குப் பயந்து அப்போதே கோப்பையைக் கொடுத்துவிட்டார்.

மூன்றேகாலுக்கு அவனைக் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"கிள்ளான், உனக்கு ஒரு தந்தி. இப்பத்தான் வந்தது."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. தாளை அவன் கையில் கொடுக்கவும் இல்லை. அதில் வந்து சேர்ந்த நேரம் எழுதியிருந்தது.

"அப்பாவா?"

"உடம்பு மோசமாம். உடனே வரச் சொல்லியிருக்கு."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அவனும் நம் வீட்டுப் பிள்ளைதானே.

"எப்பண்ணே போனாரு?"

"தெரியலப்பா."

பியூன் கொஞ்ச தூரத்தில் நின்றிருந்தார். கோப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, "சட்ட மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்று அறைப் பக்கம் நொண்டிக்கொண்டு போனான். பியூன் என் பக்கம் திரும்பவில்லை. கோப்பையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தனியாக அனுப்பக்கூடாது என்று நானும் கிளம்பினேன். என் பெருந்தன்மையைப் பாருங்கள். ஹாஸ்ய நாடகத்தில் என் வேஷத்தை வேறொருவன் போட்டான். என்னைவிட நன்றாக நடித்தான் என்று பிறகு சொன்னார்கள்.

மூன்று ஐம்பது ரயில். பெட்டாலிங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பத்து தீகா ஸ்டேஷன் வரும்வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடக்கவேண்டியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பாடைக்கு மூங்கில் யாரிடம் கேட்பது, சிரம்பானில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொல்லியிருப்பார்களா, மழையில் விறகு நனைந்துவிடுமே. இருபது வயதுப் பையன். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஐந்து மணிக்குக் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்றால் வலது கைப் பக்கம் ரோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்; பத்து நிமிஷ நடை. இடது கைப் பக்கம் ரயில்வே வீடுகள். அதுவும் அவ்வளவு தூரம்தான். அவன் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பினான். செத்தவர் வீட்டில்தானே இருப்பார். நானும் திரும்பினேன்.

வரிசை வீடுகளுக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிற்று. தப்பு மேளச் சத்தம் இல்லை. பந்தல் இல்லை. வாசலில் தலையைக் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஆண்கள் இல்லை. அவன் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடேய், இப்பத்தான் வர்றியா? எங்கடா போயிருந்த? மண்டோர ஆஸ்பத்திரியில போட்டு மூணு நாளாச்சு. மத்தியானம் கஞ்சி கொண்டுக்கிட்டுப் போனேன், உன்னையத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்குறாரு!"

"அப்பா இருக்காராக்கா?" என்றான். அவன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"வாயக் கழுவுடா! இருக்காரான்னு கேக்குறான் பாரு. போடா, ஓடு!"

ஓடினான்.

வந்த வழியே ஸ்டேஷன்வரைக்கும், அதைத் தாண்டி ஆஸ்பத்திரிவரைக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு மைல் இருக்கும். அன்றைக்கு அவன் ஓடிய இரண்டாவது மைல். நான் கோட்டும் செருப்புமாகப் பின்னால் ஓடினேன். முதலில் அவன் கண்ணுக்கு மறைந்துவிடுவான் என்று நினைத்தேன். மறையவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் வந்ததும் தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். காலை உதறினான், மறுபடி ஓடினான், மறுபடி குனிந்தான். அந்தக் கால்கள் பகல் இரண்டரை மணிக்கே செலவாகிவிட்டன. அதுவரை பேனாவைத் தவிர எதையும் ஓட்டி அறியாத என்னால் ஆஸ்பத்திரி வாசலில் அவனை எட்டிப் பிடிக்க முடிந்தது என்றால் அவன் எப்படி ஓடியிருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்டில் கடைசிக் கட்டில். தலைமாட்டில் இரண்டு தலையணை அடுக்கி, உட்கார்ந்தவாக்கில் சாய்த்திருந்தார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் டிரஸ்ஸர் அப்போதுதான் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். அப்பாவின் கை இன்னும் சூடாக இருந்ததாகப் பையன் பிறகு சொன்னான்.

டிரஸ்ஸர் ஒரு சீனர். நடுத்தர வயது, கண்ணாடி, களைத்த முகம். தந்தி அடித்தவர் அவர்தான். நமக்குள் இருக்கும் வழக்கம் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? உடம்பு மோசமாக இருந்தது. உடம்பு மோசம் என்றே எழுதியிருந்தார்.

கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு வார்த்தையாக நினைவிருக்கிறது. தந்தி அனுப்பியாயிற்று என்று காலையில் நோயாளியிடம் சொன்னாராம். அதிலிருந்து மண்டோர் ரயிலை எண்ண ஆரம்பித்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷன் சத்தம் கேட்கும். முப்பது வருஷம் பாதையில் இருந்தவருக்கு எந்த ரயில் எங்கிருந்து வருகிறது என்று கடிகாரம் பார்க்காமல் தெரியும். கோலாலம்பூர் ரயில் ஒவ்வொன்றும் வரும்போது, உட்காரவை என்பாராம். உட்கார்ந்து வாசலைப் பார்ப்பாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்கவை என்பாராம். பன்னிரண்டு மணி ரயிலுக்கு அப்படி. இரண்டேகால் ரயிலுக்கு அப்படி. ஐந்து மணி ரயில் கூவியதும் அவரே எழுந்திருக்கப் பார்த்தாராம். இதில் வந்துவிட்டான் என்றாராம். உட்காரவைத்தார்கள். வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த முறை படுக்கவை என்று சொல்லவில்லை.

"துங்கு, துங்கு, துங்கு" என்றார் டிரஸ்ஸர். காத்திருந்தார், காத்திருந்தார் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இதில் வந்துவிட்டான் என்று மண்டோர் சொன்னது தப்பில்லை. வந்துதான் இருந்தோம். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் பூட்டிய வீட்டில் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பையன் அழவில்லை. வேண்டிய மட்டும் ரயிலிலேயே அழுது முடித்திருந்தான். கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நான்தாண்ணே வீட்டுக்குப் போனேன். நேரா இங்க வந்திருக்கணும். நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு என்ன தெரியும் பாவம்."

கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அப்புறம் ஓடினேன். காலு வரலண்ணே. எவ்வளவோ பாத்தேன், காலு வரல."

மறுபடி தொடையைத் தேய்த்தான்.

"தந்தி ஆபீஸ்லயும் தூங்கிட்டானுங்க போல. காலைலயே அடிச்சேன்றாரே இவரு. எப்பண்ணே வந்துச்சு?"

"மத்தியானம்" என்றேன். "மூணு மணி இருக்கும்."

தலையை ஆட்டினான். என் கோட்டுப் பையில் அவனுடைய இரண்டு தாள்களும் வியர்வையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். பாதையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கிராணியார் கூடவே துணைக்கு வந்தாராம் என்று என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒருவர் எனக்கு நிழலில் நாற்காலி போட்டார். உட்கார்ந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பையன் கல்லூரிக்குத் திரும்பி வந்தான். பரீட்சை எழுதினான். ஓடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கோப்பை ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் என் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்தது; அதைப் பார்க்காமல் தலை நிமிர முடியாது. பியூன் மட்டும் ஒரு நாள், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "சொல்லணும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வேடிக்கைகளுக்குச் சிரிப்பதை விட்டுவிட்டார். கல்லூரி மலரில் என் மூன்று பக்கமும் ஓர் எழுத்து மாறாமல் அச்சாயிற்று. நடை நன்றாக இருக்கிறது என்று பலர் பாராட்டினார்கள்.

அவனுக்குச் சர்வே இலாகாவில் உத்தியோகம் ஆகிப் பஹாங் பக்கம் போய்விட்டான். சில வருஷத்துக்கு முன்பு கோலாலம்பூர் ஸ்டேஷனில் ஒரு தடவை பார்த்தேன். மனைவியோடு நின்றுகொண்டிருந்தான். "அப்பா போன அன்னிக்குக் கூடவே ஓடிவந்தாருன்னு சொல்வேனே, அந்த அண்ணன் இவருதான்" என்று அவளிடம் சொன்னான். அவள் கைகூப்பினாள். சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஹாங் பக்கம் நல்ல மழையாமே என்று கேட்டேன்.

இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் தந்தி எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். வழக்கம்போல உடம்பு மோசம் என்று போடச் சொல்வார்கள். ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேட்பேன். போய்விட்டார் என்றால் போய்விட்டார் என்றே எழுதுவேன். நெஞ்சில் ஈரமில்லாதவன், வாயில் நல்லதே வராது என்று பேட்டையில் எனக்குப் பெயர். இதுவரை எனக்குக் கிடைத்த பெயர்களில் பொருத்தமானது அதுதான். காரணம்தான் அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பத்திரிகை பஹாங் பக்கமும் போகிறது என்று சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். தம்பி, தந்தி மத்தியானம் வரவில்லை. காலை ஒன்பது பத்துக்கு வந்தது. தாள் என்னிடம்தான் இருக்கிறது, நேரம் அழியாமல் இருக்கிறது. தந்தி ஆபீஸில் யாரும் தூங்கவில்லை. பத்தே முக்கால் ரயிலில் நீ போயிருக்கலாம், பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்தபோது வாசலில் நீ நின்றிருக்கலாம். உன் கால் மேல் குற்றமில்லை. அந்தக் காலை நான் முன்பே ஒரு கோப்பைக்காக ஓட்டி முடித்துவிட்டேன். மனிதர்களை எனக்குத் தெரியும் என்கிற மிடுக்கு என்னிடம் எப்போதாவது தலைகாட்டும்போதெல்லாம், உட்காரவை என்று சொல்லி வாசலைப் பார்க்கும், நான் உயிரோடு ஒரு நாளும் கண்டறியாத அந்த மனிதர் என் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவரைப் படுக்கவைக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.